கெலிங்: ஒரு பெயர் வசையான வரலாறு

மலாய் மொழியில் தென்னிந்தியரைக் குறிக்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் சொல் ‘கெலிங்’. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் திரிபு இது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இந்தியாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து போனவர் தெலுங்கரோ தமிழரோ, இந்துவோ முஸ்லிமோ, மலாய்த் தீவுகள் அவர்களை இந்த ஒரே பெயரால் அழைத்தன. இன்று மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு தமிழரை முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டால் கைகலப்பில் முடியலாம். அரசவையில் வழங்கிய பெயர் தெருவசையானதும், வசையென்றே பலர் உணராமல் அதைச் சொல்லிவந்ததும், பிறகு சொல்லக் கூசும் நிலை வந்ததும் அன்றாடப் பேச்சில் புழங்கும் இன இழிசொற்களைப் புரிந்துகொள்ள நல்ல சான்றுகள்.

பழைய மலாய் நூல்களில் இச்சொல்லுக்குத் தாழ்வு இல்லை. ‘செஜாரா மெலாயு’ தரும் குடிவழியில், மலாக்காவின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, இருந்த துன் முத்தாஹிரின் முன்னோர் கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புருந்தான் என்பவர். ‘ஹிக்காயாட் ஹங் துவா’வின் நாயகன் கெலிங் மொழி கற்றவன், கெலிங் நாட்டு அரசனிடம் தூது போகிறவன். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், அங்கிருந்த கெலிங் வணிகர்களில் முதன்மையான நைனா சாத்துவைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினர். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கின்றன. ‘கப்பித்தான் கெலிங்’ என்பது தென்னிந்தியச் சமூகத்தின் தலைவருக்கு ஆங்கிலேயர் வழங்கிய பதவிப்பெயர். பினாங்கில் அதை வகித்துப் பள்ளிவாசலைக் கட்டியவர் காதர் முகைதீன்.

சொல் கீழிறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், கடல் கடந்து போன இந்தியர்களின் இயல்பே மாறியது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பினர். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கும் சஞ்சிக்கூலிகள், அதாவது ஒப்பந்தத் தொழிலாளர்கள், கப்பல் கப்பலாக வந்திறங்கினர். சஞ்சி முறை 1910இல் ஒழிந்தது; அதன் இடத்தைப் பிடித்த கங்காணி முறை 1938 வரை நீடித்தது. துணியும் மிளகும் விற்ற செல்வரைச் சுட்டிய அதே சொல், இப்போது லயத்தில் குடியிருந்து பால்மரம் சீவி மாலையில் கள்ளுக்கடைக்குப் போகும் ஏழையைச் சுட்டியது. சொல்லின் ஓசையிலோ இலக்கணத்திலோ எதுவும் மாறவில்லை. அதைச் சுமந்தவரின் நிலை தாழ்ந்ததும் சொல்லும் கூடவே தாழ்ந்தது.

தாழ்ந்த சொல்லைச் சுற்றிக் கதைகளும் மரபுத்தொடர்களும் சேர்ந்தன. கைதிகளின் கால்விலங்கு ‘கிளிங் கிளிங்’ என்று ஒலித்ததால் வந்த பெயர் என்ற விளக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. கைதிகள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல் இருந்ததால் இது வெறும் கட்டுக்கதை. ஆனாலும் தமிழர்களிடையேகூட இது நம்பப்படுவதைக் கவனிக்க வேண்டும். வசையாக உணரப்படும் சொல்லுக்கு வசையான பிறப்பு ஒன்றையும் மக்கள் தேடிக்கொள்கிறார்கள். ஒரே இரைச்சலாக இருக்கும் கூட்டத்தைக் ‘கப்பல் மூழ்கும்போது கத்தும் கெலிங்’ போல என்று கேலி செய்யும் மலாய் மரபுத்தொடர் ஒன்று உண்டு. பாம்பையும் கெலிங்கையும் ஒன்றாகக் கண்டால் முதலில் கெலிங்கை அடி என்ற பேச்சும் மலேசியாவில் பரவலானது. இதே பாம்புக் கதை இந்தியாவின் பல பகுதிகளில் பல சமூகங்களின் மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. பாம்பு மாறுவதில்லை, அடிபட வேண்டியவர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறார்.

எதிர்ப்பு அண்மையில் முளைத்தது என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. சிங்கப்பூரின் ‘கிளிங் தெரு’ என்ற பெயர் இழிவானது என்று இந்தியச் சமூகத்தில் எழுந்த மனக்குறையால், 1920களின் தொடக்கத்திலேயே அது ‘சூலியா தெரு’ ஆனது. அந்தத் தலைமுறையில் கல்விபெற்ற, கடையும் அச்சகமும் வைத்திருந்த தமிழர்கள் உருவாகியிருந்தனர். 1924இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கியது, 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார், 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். எப்படி அழைக்கப்படுகிறோம் என்பது மானத்தைச் சேர்ந்த விஷயம் என்ற எண்ணத்துக்குச் சுயமரியாதைப் பேச்சு வலுவூட்டியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. சுமத்திராவின் மேடான் நகரிலும் மாரியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த ‘கம்போங் கெலிங்’ பின்னாளில் ‘கம்போங் மெட்ராஸ்’ ஆயிற்று.

தெருப்பெயர் மாறியதால் வாய்ப்பேச்சு மாறிவிடவில்லை. பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய வட மாநிலங்களின் மலாய்ப் பேச்சில் ‘கெலியாங்’ என்ற உச்சரிப்போடு இச்சொல் கடைத்தெரு வழக்காகவே நிலைத்தது. நாசி கண்டார் சாப்பாடு வாங்க ‘கெலியாங் கடை’க்குப் போவதாகச் சொல்பவர் அந்தக் கடைக்காரரின் முப்பது வருட வாடிக்கையாளராக இருப்பார், அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவராகவும் இருப்பார். பினாங்கு ஹொக்கியன் சீனத்தில் தமிழரைக் குறிக்கும் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. வயதான சீனப் பாட்டிக்குத் தமிழரைச் சுட்ட வேறு சொல்லே தெரியாமலிருப்பதும் உண்டு. இவர்கள் மனத்தில் பகை இல்லை என்பதை அவர்களோடு பழகிய தமிழர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இந்த விவாதத்தின் முடிச்சு இங்கேதான். ‘கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை’ என்பது எல்லா நாட்டிலும் இழிசொல்லுக்குச் சொல்லப்படும் முதல் சமாதானம். மலேசியாவில் அதற்குக் கூடுதலாக ஒரு வரலாற்றுச் சான்றும் கிடைத்துவிடுகிறது: பழைய நூல்களில் இருக்கிறதே, பள்ளிவாசலுக்கே அந்தப் பெயர்தானே! வாதம் வலுவானதுபோல் தெரியும். ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறது. கடைக்காரரை நட்போடு அப்படிச் சொல்லும் அதே வாய், சாலையில் வண்டி உரசினால் அதே சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறது. கடைக்காரருக்குத் தொனி வேறுபாடு தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் துரத்தப்பட்ட அவர் பிள்ளைக்கு நட்பான தொனி என்று ஒன்று இல்லை. ஒரு காலத்தில் நோக்கமே எல்லாம் என்று இருந்த மதிப்பீடு, கேட்பவர் என்ன அனுபவித்தார் என்பதை நோக்கி மெல்ல நகர்ந்தது. மனப்பான்மை மாறியது என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் இந்த நகர்வுதான்.

எல்லாச் சொல்லும் ஒரே திசையில் போகவில்லை. இந்திய முஸ்லிம்களைக் குறிக்கும் ‘மாமாக்’, தமிழ் ‘மாமா’வோடு பலராலும் இணைக்கப்படும் சொல். அது சிலர் வாயில் ஏளனமாக ஒலித்தாலும், ‘மாமாக் கடை’ நாட்டின் பொதுச்சொத்தாகிவிட்டதால் பெருமளவு காப்பாற்றப்பட்டது. நள்ளிரவில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கிடைக்கும் இடத்தின் பெயரை யாரும் எளிதில் வெறுக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய மலேசியாவில் இனப் பேச்சின் போக்கைத் தீர்மானித்தது 1969 மே 13 கலவரம். அதன்பின் குடியுரிமை, மொழி, மலாய்க்காரர்களின் சிறப்புநிலை போன்றவற்றைக் கேள்விக்குள்ளாக்குவது தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் குற்றமாக்கப்பட்டது. இனம் பற்றி மேடையில் வாய் திறப்பதே ஆபத்து என்ற நிலை பொதுவெளியை அமைதியாக்கியது. ஆனால் அடக்கப்பட்டது விவாதம். அடங்காதது காப்பிக்கடைப் பேச்சு. பொதுவில் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாதபோது, தனிப்பேச்சில் பழகிய சொற்களும் கேள்விக்குள்ளாகாமல் அப்படியே உறைந்தன.

பனி உடையத் தொடங்கியதற்கு அடையாளமாக 2003இல் ஒரு வழக்கு வந்தது. மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா வெளியிட்ட ‘காமுஸ் டேவான்’ அகராதியில் ‘கெலிங்’ இடம்பெற்றதை எதிர்த்துத் தொடரப்பட்டது அது. இழிசொல் என்று அறிவிக்கக் கோரியவர்களுக்கும், மொழியில் உள்ளதைப் பதிவதே அகராதியின் வேலை என்றவர்களுக்கும் இடையிலான வாதத்தில் இருபக்கமும் நியாயம் இருந்தது. சொல்லை நீக்கினால் செஜாரா மெலாயு படிக்கும் மாணவர் எங்கே பொருள் தேடுவார்? அதேவேளை, இழிவுப் பொருள் தரும் மரபுத்தொடர்களை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அரசு அகராதி அச்சிட்டால் அதற்கு ஒரு அங்கீகாரம் கிடைத்துவிடுகிறது. ‘இழிவழக்கு’ என்ற ஒற்றைக் குறிப்பு இரு தேவைகளையும் தீர்க்கும். பல மொழிகளின் அகராதிகள் செய்வதும் அதுதான்.

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை அமைப்பான இண்ட்ராஃப் நடத்திய பேரணிக்குப் பிறகு மலேசிய இந்தியர்களின் குரலுக்கு முன்பில்லாத எடை கிடைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதுவரை கைதட்டல் வாங்கித்தந்த பேச்சுகள் இப்போது பதவிக்கு உலை வைத்தன. 2008இல் சீனர்களை ஒண்ட வந்தவர்கள் என்ற பொருளில் பேசிய, ஆளும் கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவின் பினாங்குத் தலைவர்களில் ஒருவர் கட்சியிலிருந்து மூன்று ஆண்டுகள் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2010இல் இந்தியர், சீனரின் முன்னோரை இழிவாகப் பேசியதாக எழுந்த புகாரில் பிரதமரின் சிறப்பு உதவியாளர் பதவி விலகினார். பேச்சின் தரம் திடீரென்று உயர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாக்கு தேவைப்பட்டது.

2011இல் எழுந்த ‘இண்டர்லோக்’ சர்ச்சை இவற்றில் மிகச் சிக்கலானது. தேசிய இலக்கியவாணர் அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட இந்த நாவல் ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஒரு தமிழ்க் குடும்பம் ஆகியவற்றின் கதை. இன ஒற்றுமையே அதன் நோக்கம். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அது பாடநூலானபோது, மலாயா வந்த இந்தியர்களை ‘பறையா’ சாதியினர் என்று அது குறிப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. மலேசிய இந்திய காங்கிரஸ் கட்சியும் (ம.இ.கா.) அரசுசாரா அமைப்புகளும் போராட, திருத்தங்களைப் பரிந்துரைக்க ஒரு குழு அமைந்தது. ஆண்டின் முடிவில் நாவல் பாடத்திட்டத்திலிருந்தே விலக்கப்பட்டது.

எதிர்ப்பில் இரண்டு வேறு குரல்கள் கலந்திருந்தன. மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சொல் ‘ஒதுக்கப்பட்டவன், கீழ்மகன்’ என்ற வசையாக வழங்குவதால் அதை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்றது ஒன்று. அந்த அச்சம் மெய்யானது. பதினேழு வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்த மறுநாள் முதல் அது யாருக்குப் பட்டப்பெயராகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘வந்தவர் எல்லாரும் அந்தச் சாதியினர் அல்ல’ என்றது இரண்டாவது குரல். வரலாற்றளவில் இது சரியே. ஆனால் ‘எங்களை அவர்களோடு சேர்க்காதே’ என்ற சாதிக் கூச்சமும் அதனுள் ஒளிந்திருந்தது. பறையர் என்ற ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை உலக மொழிகளுக்கு வசையாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில் தமிழ்ச் சமூகத்துக்கே பங்குண்டு. இன இழிசொல்லுக்கு எதிராகத் திரண்ட கூட்டம் சாதி இழிசொல்லைத் தன் வீட்டுக்குள் எப்படி வைத்திருந்தது என்பதை அன்று மேடைகளில் பேசியவர் குறைவு.

2018இல், இருமுறை மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் முகமது ‘கெலிங்’ என்ற சொல்லைப் பயன்படுத்திக் கண்டனத்துக்குள்ளாகி மன்னிப்புக் கேட்டார். 1925இல் அலோர் ஸ்டாரில் பிறந்த அவர் தலைமுறைக்குக் கெடாவில் அது அன்றாடச் சொல். முந்தைய ஆண்டில்தான், அவருடைய கேரள வம்சாவளியைக் குத்திக்காட்டி அன்றைய ஆளும் கட்சித் தலைவர் ஒருவர் ‘இஸ்கந்தர் குட்டியின் மகன்’ என்று கேலி செய்திருந்தார். இழிசொல்லின் கூர்மையை அனுபவித்தவரே மற்றொன்றைப் போகிற போக்கில் சொல்லிவிட முடிந்தது. முன்பு யாரும் பொருட்படுத்தியிருக்காத ஒரு சொல்லுக்காக நாட்டின் மிக மூத்த அரசியல்வாதி மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது மாற்றத்தின் அளவைக் காட்டுகிறது. அதன் எல்லையையும் அதே ஆண்டு காட்டியது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்போம் என்று செப்டம்பரில் அறிவித்த அவரது அரசு, எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில் பின்வாங்கியது. பின்வாங்கலைக் கொண்டாடும் பேரணி டிசம்பர் 8இல் தலைநகரில் நடந்தது.

சிங்கப்பூரின் பாதை வேறு. அங்கே பெரும்பான்மையினர் சீனர். இந்தியர் சுமார் ஒன்பது விழுக்காடு. அரசு தொடக்கத்திலிருந்தே இனப் பேச்சைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பள்ளிகள் 1997 முதல் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. வெளிப்படையான வெறுப்புப் பேச்சு அரிது. ஆனால் சோறு உண்ண அடம்பிடிக்கும் குழந்தையிடம், ‘அபு நெ நெ’ வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று கறுத்த இந்தியரைக் காட்டிப் பயமுறுத்துவது சீன வீடுகள் பலவற்றில் சாதாரணம். வகுப்பறையில் விளக்கை அணைத்ததும் ‘சிரிடா, அப்போதுதான் நீ இருப்பது தெரியும்’ என்று இந்திய மாணவனிடம் சொல்லும் பகடியை, அங்கே வளர்ந்த தமிழர்களில் கேட்காதவர் குறைவு. எல்லாரும் சிரிப்பார்கள், அந்த மாணவனும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பதே அதன் விதி. எந்தச் சட்டமும் இதைத் தொடாது.

2017இலிருந்து இந்த வகைப் பேச்சு பொது விவாதமானது. திரைப்படத் தேர்வு ஒன்றில் ‘முழு இந்தியனாக’ நடித்துக்காட்டச் சொன்னார்கள் என்று ஓர் இளம் நடிகர் முகநூலில் எழுதியது முதல் அலை. 2019இல் மின்னணுக் கட்டணச் சேவையின் விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கி இந்தியராகத் தோன்றினார். அதைச் சாடி இந்திய வம்சாவளியைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இருவர் வெளியிட்ட வசை நிறைந்த ராப் காணொளிக்குக் காவல்துறை நிபந்தனை எச்சரிக்கை விடுத்தது. விளம்பரமோ ரசக்குறைவானது, குற்றமல்ல என்று தீர்மானிக்கப்பட்டது. வலித்தவர் கத்தியது தவறு, குத்தியவர் தெரியாமல் குத்தினார் என்பதாகவே சிறுபான்மையினர் பலர் இதைப் படித்தனர். கோவிட் காலத்தில், 2021 மே மாதத்தில், வேகநடை போய்க்கொண்டிருந்த இந்தியப் பெண் ஒருவர் இன வசைகளோடு மார்பில் உதைக்கப்பட்டபோது, ‘வெறும் பேச்சுத்தானே’ என்ற வாதம் வலுவிழந்தது. பேச்சிலிருந்து உதைக்கு இருந்த தூரம் மிகக் குறைவு.

பழைய சொல் கூச்சத்துக்குள்ளாகும் அதே வேகத்தில் புதியவை பிறக்கின்றன. இந்தியாவும் சிங்கப்பூரும் 2005இல் கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான ‘சீக்கா’, அங்கே வேலைக்கு வரும் இந்தியர்களைக் குறிக்கும் வசையாயிற்று. மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழும் தமிழரும் இணையத்தில் ‘சீக்கா, ஊருக்குப் போ’ என்று ஏச்சு வாங்குகிறார். கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தெற்காசியர் அனைவரும் இரு நாடுகளிலும் ‘பங்ளா’. பாரம் சுமப்பவர் மாறியதும் வசையும் தோள் மாறியிருக்கிறது. ரப்பர் தோட்டத்துத் தமிழருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் நேர்ந்தது இன்று வங்கதேசத்தவருக்கு நேர்கிறது. அதைச் சொல்பவர்களில் அந்தத் தோட்டத்துத் தமிழரின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

தமிழ் வாய்களைப் பற்றிய இந்த உண்மை ‘பங்ளா’வோடு முடிவதில்லை. தமிழகத்திலிருந்து வேலைக்கு வருபவரை உள்ளூர்த் தமிழர் ‘ஊர்க்காரன்’ என்கிறார்கள். தஞ்சாவூரில் பாசமாக ஒலிக்கும் இச்சொல், அங்கே நாகரிகம் தெரியாதவன் என்ற ஏளனத்தைச் சுமக்கிறது. தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளரைக் குறிக்கும் ‘வடக்கன்’ இதே வழியில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2024இல் அந்தத் தலைப்பிலான திரைப்படம் தணிக்கை வாரியத்தின் மறுப்பால் ‘ரயில்’ என்று பெயர் மாறி வெளிவந்தது. திசையைக் குறிக்கும் சொல்லில் என்ன தவறு என்று கேட்டவர்கள், நாட்டின் பெயரைக் குறிக்கும் ‘கெலிங்’கில் என்ன தவறு என்று கேட்கும் மலாய்க்காரரின் வாதத்தையே தெரியாமல் திருப்பிச் சொன்னார்கள்.

திறன்பேசி வந்தபின் அன்றாடப் பேச்சு என்பதன் எல்லையும் கலைந்துவிட்டது. நால்வர் சிரித்து மறந்துபோன பகடி இன்று பதிவாகி லட்சம் பேரிடம் போகிறது. 2025 மார்ச்சில் மலாய் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் மூவர் ‘வேல் வேல்’ என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கேலியாக ஆடிய காணொளி வெளியானது. அவர்கள் மன்னிப்புக் கேட்டனர். நிறுவனத்துக்கு 2,50,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் இழிசொல் ஒன்றுகூட இல்லை. கேலியின் தொனியே போதுமானதாக இருந்தது.

இத்தகைய புகார்கள் மலேசியாவில் 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், தண்டனைச் சட்டத்தின் சில பிரிவுகள் ஆகியவற்றின்கீழ் கையாளப்படுகின்றன. இன உறவுக்கென்று தனிச்சட்டம் இல்லை; எந்தப் புகார் பெரிதாகும் என்பது அன்றைய அரசியலைப் பொறுத்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன வெறுப்பைத் தூண்டுவதற்குத் தண்டனையோடு, சிறிய குற்றங்களில் சிக்கியவர் வழக்குக்குப் பதிலாக, தாம் புண்படுத்திய சமூகத்தோடு பழகி அதைப் புரிந்துகொள்ளும் சமூகச் சீரமைப்பு நடவடிக்கையை விரும்பி ஏற்கவும் அது இடமளிக்கிறது. வாய்தவறிச் சொன்னவரையும் வெறுப்பை விதைப்பவரையும் ஒரே தட்டில் வைக்காத இந்த ஏற்பாடு, நோக்கத்தையும் காயத்தையும் தனித்தனியே எடைபோட முயல்கிறது.